நான் சுற்றினால் சுற்றாத கிராங்க்

வோலோஸ்
மே 9, 1989

அனெஸ்டிஸ்,

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இத்தனை மாதம் இருந்தேன். இப்போதும் நலம் விசாரிக்க எழுதவில்லை. அந்த மலையில் உனக்குச் சாப்பாடு போடுகிறார்களா, குளிருக்குப் போர்வை தருகிறார்களா என்பதெல்லாம் உன் பாடு.

விஷயம் இதுதான். நீ பிரித்துப் போட்டுவிட்டுப் போன நம் ஃபியட் 1100 கார் எஞ்சினை நான் பூட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. இத்தனை வருடம் நீ காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டுவாய். கேட்ட ஸ்பானரை அதில் வைத்தது யார்? எனக்கும் கண் இருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நெளிந்த இரும்புத் தண்டை, கிராங்க் ஷாஃப்டை, லேத் பட்டறை வாயோஸ் மேஸ்திரி அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அது உட்கார்ந்து சுற்றும் புது பேரிங் ஷெல்களை முன், நடு, பின் என்று மூன்று இடத்திலும் உட்கார வைத்து, எண்ணெய் விட்டு, கிராங்கை மேலே படுக்க வைத்து, மூடிகளைப் போட்டு, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். பிஸ்டன் ஒன்றும் மாட்டவில்லை. வெறும் கிராங்க். சுற்ற மாட்டேன் என்கிறது. பின்பக்கம் கடப்பாரை கொடுத்து என் முழு எடையையும் போட்டேன். முனகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது, அப்புறம் சுவரில் பதித்த கம்பி மாதிரி நின்றுவிட்டது. நானும் விட்டுவிட்டேன், எதையாவது உடைத்துத் தொலைப்பேனோ என்று பயம்.

போகும்போது, "அந்த மடத்து ஜெனரேட்டரைப் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை வந்துடறேன்க்கா" என்றாய். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு உனக்காகச் செய்த தொத்திறைச்சிக் குழம்பை மறுநாள் தெருப் பூனைகள் சாப்பிட்டன. நீ அங்கேயே தங்கிவிட்டாய் என்று பஸ் டிரைவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எஞ்சினைப் பற்றி மட்டும் பதில் எழுது. வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

ஸ்மாரோ

*

மலை
மே 6

அக்கா,

எஞ்சினைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறாய். அப்படியே செய்கிறேன்.

முதலில், கடப்பாரையைத் தூக்கித் தூரப் போடு. இறுக்கமாக இருக்கும் கிராங்கைப் பலத்தால் சுற்றக்கூடாது.

மூடிகளில் சின்னப் புள்ளிகள் குத்தியிருக்கும். ஒரு புள்ளி முன்னால், இரண்டு நடுவில், மூன்று பின்னால். எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது, திசையும் சரியாக இருக்க வேண்டும். திருப்பிப் போட்ட மூடியும் போல்ட்டில் அழகாக உட்காரும். ஆனால் கிராங்கைக் கடித்துக்கொள்ளும். ஷெல்லுக்கு அடியில் ஒரு முடி, ஒரு துணி நூல் இருந்தாலும் போதும், இதே கதைதான். எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, விரலால் தடவிப் பார்த்து மறுபடி போடு. ஒவ்வொரு மூடியாக இறுக்கு. ஒவ்வொன்று இறுக்கியதும் சுற்றிப் பார். எந்த மூடி வந்ததும் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

பெஞ்சுக்கு அடியில், இடது டிராயரில், பச்சை உறைக்குள் மெழுகு நூல் இருக்கிறது. ஒரு துண்டு நறுக்கிக் கிராங்குக்கும் ஷெல்லுக்கும் நடுவே வைத்து மூடியை இறுக்கிக் கழற்று. நூல் எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்று உறையில் அச்சடித்த கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். நூல் வைத்திருக்கும்போது மட்டும் கிராங்கைச் சுற்றாதே.

அனெஸ்டிஸ்

*

வோலோஸ்
ஜூன் 2, 1989

அனெஸ்டிஸ்,

நான் மே ஒன்பதாம் தேதி கேட்ட கேள்விக்கு நீ மே ஆறாம் தேதியே பதில் எழுதிவிட்டாய். மலையில் அற்புதம் நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அது எஞ்சின் விஷயத்திலும் நடக்கும் என்று தெரியாது. அப்புறம் பாதிரியாரைக் கேட்டேன். நீங்கள் இன்னும் பழைய நாட்காட்டியில் இருக்கிறீர்களாம், ஊரைவிட இரண்டு வாரம் பின்னால். சரி, அதிலும் தாமதம்தான் உனக்கு.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? எஞ்சினைப் பற்றி மட்டும் எழுது என்று சொன்னேன்தான். சொன்னால் அப்படியே செய்துவிடுவதா? கடைசியில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், 'மழை' என்ற சொல் மட்டும் தெரிந்தது. மழை பெய்கிறதா? மழையில் நனைந்தாயா? என்ன எழவு மழை?

இனி எஞ்சின். கழற்றினேன், துடைத்தேன். புள்ளிகள் சரி, திசையும் சரி. நூல் வைத்துப் பார்த்தேன், மூன்று இடத்திலும் புத்தகம் சொல்லும் இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு மூடியாக இறுக்கிச் சுற்றினேன். ஒரு தடவை இரண்டாவது மூடியில் நின்றது. கழற்றி மறுபடி போட்டால் இரண்டாவதில் நிற்கவில்லை, மூன்றாவதில் நின்றது. அடுத்த தடவை முதல் மூடியிலேயே. என்னோடு விளையாடுகிறது.

வாயோஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்தார். வாயில் சிகரெட், ஒரு கையில் காபி. இன்னொரு கையில் ஸ்பானரை எடுத்து நட்டில் மாட்டிச் சுற்றினார். கிராங்க் வெண்ணெய் மாதிரி சுற்றியது.

"இதையா டைட்டுன்னு சொன்னே?"

"மேஸ்திரி, சத்தியமா சொல்றேன், நேத்து அசையவே இல்ல."

"உனக்கு வயசாகுது ஸ்மாரோ. கைல பலம் இல்ல. ஒழுங்கா சாப்பிடு."

அவர் தெருமுனை திரும்பியதும் நான் போய்ச் சுற்றினேன். அசையவில்லை. மறுநாள் மறுபடி அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். அவருக்குச் சுற்றுகிறது. அவர் கண் முன்னாலேயே நான் சுற்றினேன், எனக்குச் சுற்றவில்லை. மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஒண்ணும் யோசிக்காதே. எஞ்சினைப் பூட்டி, என் லாரியில கயிறு கட்டி நாலு தெரு இழுத்தா தானா தேஞ்சு சரியாயிடும்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரும்புக்கு ஆள் தெரியுமா? நிஜமாகவே கேட்கிறேன்.

ஸ்மாரோ

பி.கு: உன் உடம்பு எப்படி இருக்கிறது? பதில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

*

மலை
ஜூன் 14 (உன் நாட்காட்டிப்படியே போடுகிறேன்)

அக்கா,

நன்றாக இருக்கிறேன். இளைத்திருக்கிறேன். சமையற்கட்டில் வேலை. ஒரு கப்பலையே மூழ்கடிக்கும் அளவுக்குப் பெரிய அண்டாக்களைத் தேய்க்கிறேன். எஞ்சின், மோட்டார் எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், முதல் வருடம் அப்படித்தானாம். ஜெனரேட்டர் நின்று போனால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் அண்டாவைப் பார்க்கிறேன்.

அந்த அடித்த வரி ஒன்றுமில்லை. நான் கிளம்பிய அன்று மழை பெய்துகொண்டிருந்தது, நீ கராஜ் வாசலில் தலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாய். அதை எழுதினேன். எஞ்சினைப் பற்றியது இல்லையே என்று அடித்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பருப்பு வேகும்போது படித்தேன். பருப்பு தீய்ந்துவிட்டது. சமையற்கட்டுத் துறவி தந்தை இலாரியோன் அண்டாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "கடுதாசி வீட்டிலிருந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். "ஒரு கிராங்குக்கு" என்றேன்.

காரைக் கட்டி இழுக்க வேண்டாம். வாயோஸ் சொல்வதைக் கேட்காதே. தேய்ந்து சரியாகாது, தேய்ந்து நாசமாகும்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல். அவர் எந்தப் பக்கம் நின்று சுற்றினார்? நீ எந்தப் பக்கம் நின்று சுற்றினாய்?

ஆகஸ்டில் இங்கே பெரிய திருவிழா. அன்றைக்குத் துறவு உடை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. என் ஓவரால் ஆணியிலேயே தொங்குகிறதா? கராஜ் சாவியை எங்கே வைக்கிறாய்? சும்மாதான் கேட்கிறேன்.

அனெஸ்டிஸ்

*

வோலோஸ்
ஜூலை 1, 1989

தம்பி,

அவர் முன்பக்கம். நான் பின்பக்கம்.

அவர் ரேடியேட்டர் இருக்க வேண்டிய பக்கத்தில் நின்று, புல்லி நட்டில் ஸ்பானர் மாட்டி, எஞ்சின் மேல் சாய்ந்துகொண்டு சுற்றுகிறார். நான் பின்னால், ஃப்ளைவீல் மாட்டுகிற இடத்தில் கம்பி கொடுத்து முன்னோக்கிச் சாய்ந்து சுற்றுகிறேன். பெஞ்சின் முன்பக்கம் உன் பழைய டயர் குவியல் கிடக்கிறது, அதை ஏறித் தாண்ட எனக்குச் சோம்பல். காரணம் அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்ததும் அவரைக் கூப்பிட்டு இடம் மாற்றி நிற்க வைத்தேன். "மேஸ்திரி, இன்னைக்கு நீங்க பின்னால வாங்க." வந்தார். கம்பியைப் பிடித்தார். முக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. சிகரெட் கீழே விழுந்தது. கிராங்க் அசையவில்லை. நான் டயர்க் குவியல் மேல் ஏறி நின்றுகொண்டு ஸ்பானரை ஒரு கையால் சுற்றினேன். சுற்றியது!

"வயசாகுது மேஸ்திரி, ஒழுங்கா சாப்பிடுங்க" என்றேன். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டாய் என்று உன்னை மன்னிக்கலாம் போல இருந்தது. முழுசாக இல்லை.

அப்புறம் நானே ஒன்று செய்து பார்த்தேன். மரக்கட்டை வைத்துக் கிராங்கைப் பின்னாலிருந்து முன்னால் மெல்லத் தட்டினேன். டைட். முன்னாலிருந்து பின்னால் தட்டினேன். லூஸ். எத்தனை தடவை செய்தாலும் அப்படியே. முன்னும் பின்னும் மயிரிழை அளவுதான் நகர்கிறது. அந்த மயிரிழைக்குள் சுற்றுவதும் இருக்கிறது, சுற்றாததும் இருக்கிறது. முன்பின் ஆட்டத்தைத் தடுக்கிற வாஷர்கள் தடிமனாக இருக்கின்றன என்கிறார் வாயோஸ். அளந்தேன், சரியாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரி, சேர்த்தால் தப்பு. எனக்குத் தலை சுற்றுகிறது. சுற்ற வேண்டியது சுற்றவில்லை.

ஓவராலைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். துறவு உடை பற்றி நான் என்ன சொல்ல? நீ கேட்கவும் இல்லை.

ஸ்மாரோ

*

மலை
ஜூலை 16

அக்கா,

இப்போது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன்தான். கண்ணால் பார்க்காமல் சொல்கிறேன்.

கிராங்கில் பேரிங் உட்காரும் உருண்டை இடம் இருக்கிறதல்லவா, அது பக்கத்துத் தடித்த சுவரில் போய்ச் சேரும் மூலை கூராக இருக்காது, சின்ன வளைவாக இருக்கும். அரைக்கும்போது அந்த வளைவு அளவுக்கு மேல் பெரிதாகிவிட்டால், ஷெல்லின் விளிம்பு அதன் மேல் ஏறிக்கொள்ளும். கிராங்கைப் பின்னால் தள்ளினால் வளைவு விளிம்பை விட்டு விலகும், சுற்றும். முன்னால் தள்ளினால் விளிம்பில் ஏறி நெரிக்கும். முன் பேரிங்கில்தான் இருக்க வேண்டும். நீ நூல் வைத்து அளந்தது ஷெல்லின் நடுவில், அதனால்தான் அளவு சரியாகக் காட்டியது. அளவில் பொய் இல்லை, இடம்தான் வேறு.

முன் ஷெல்லைக் கழற்றி ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார். உள்பக்க விளிம்பில் மெல்லிய பளபளப்புக் கோடு இருக்கும். இருந்தால், சுரண்டியால் அந்த விளிம்பை மட்டும் சாய்வாக, மிக மெல்லச் சீவு. ஒரு சீவல், ஒரு சோதனை. அவசரப்படாதே. கோடு இல்லாவிட்டால் நான் சொன்னது அத்தனையும் தப்பு.

இனி வேறு விஷயம்.

நம் தெரு மீன்கடை அபோஸ்டோலிஸ் இங்கே யாத்திரை வந்தார். அண்டா தேய்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கராஜை இடிச்சிட்டு அடுக்குமாடி கட்டப் போறாங்களாமே, பாவம், உன் அக்கா தனியா சாமான் கட்டிட்டு இருக்கா" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தெரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

மே மாதத்திலிருந்து எழுதுகிறாய். வாயோஸின் சிகரெட் கீழே விழுந்ததுவரை எழுதினாய். இதை எழுதவில்லை. ஓவராலைத் 'துவைத்து மடித்து' என்று எழுதினாய். ஆணியில் தொங்குகிறது என்று எழுதாதபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் இங்கே தினமும் நம் கராஜ் கதவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. பிடிக்கவில்லை என்றால் போய்த் திறந்துகொள்ளலாம் என்று. ஏன் வந்தேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. கை கழுவினேன். படகுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். பெரிதாக ஏதோ நடந்தது, ஒளி தெரிந்தது, குரல் கேட்டது என்று சொல்ல ஆசைதான். ஒன்றும் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருந்தது.

ஏன் மறைத்தாய்?

அனெஸ்டிஸ்

*

வோலோஸ்
ஆகஸ்ட் 4, 1989

தம்பி அனெஸ்டிஸ்,

கோடு இருந்தது.

ஜன்னலருகே கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. முன் ஷெல்லின் உள்விளிம்பில், நகத்தால் கீறியதுபோல, பளபளவென்று. நான் எத்தனையோ தடவை அந்த ஷெல்லைத் துடைத்திருக்கிறேன், விளிம்பைப் பார்க்கவே இல்லை.

வாயோஸ் மேஸ்திரியிடம் காட்டினேன். முதலில் வழக்கம்போலக் குதித்தார். "என் கையால அரைச்சது! முப்பது வருஷம்!" அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிராங்கின் மூலையைத் தடவிப் பார்த்தார். நகத்தை வைத்துப் பார்த்தார். "அரைக்கிற கல்லோட முனை உருண்டு போயிருந்துச்சு. மாத்தணும்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்றார். போய்விட்டார். திரும்பி வரும்போது சொந்தச் சுரண்டியை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "நீயே சீவு. எனக்கு இன்னைக்குக் கை சரியில்ல" என்றார். திட்டலாம் என்றிருந்தேன், திட்டவில்லை. இரண்டு கிளாஸ் சிப்பூரோ சாராயம் ஊற்றினேன். சேர்ந்து குடித்தோம்.

சீவினேன். ஒரு சீவல், ஒரு சோதனை. நீ சொன்னபடியே. கடைசியில் முன்பக்கம் நின்று இரண்டு விரலால் சுற்றினேன், சுற்றியது. பின்பக்கம் வந்து சாய்ந்துகொண்டு சுற்றினேன், சுற்றியது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லை. டயர்க் குவியல் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கென்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

இனி நீ கேட்டது.

கட்டிடத்தை உரிமையாளர் விற்றது உண்மை. செப்டம்பர் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். எஞ்சின் இல்லாத காரை யாரும் இழுத்துப் போக மாட்டார்கள், பழைய இரும்புக்காரன்தான் வருவான். அதனால்தான் எனக்கு அவ்வளவு அவசரம். எனக்குக் கோசானியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை கிடைத்திருக்கிறது. கற்றுக்கொடுக்கப் போகிறேன். ஆமாம், நான்தான். ஏப்ரலிலேயே சரியென்று சொல்லிவிட்டேன்.

ஏன் மறைத்தேன்? ஒவ்வொரு கடிதத்திலும் எழுத ஆரம்பித்து நிறுத்தினேன். கராஜ் இருக்கிறது என்று எழுதினால் 'வா' என்று உன்னை இழுப்பதுபோல ஆகிவிடும். இல்லை என்று எழுதினால் 'அங்கேயே கிட' என்று தள்ளுவதுபோல ஆகிவிடும். இரண்டையும் செய்ய எனக்கு இஷ்டமில்லை. நீ இருப்பதும் வருவதும் இந்த நாலு சுவருக்காக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், மறைத்ததும் ஒருவகைத் தள்ளல்தானோ என்று தோன்றுகிறது. எது சரி என்று தெரியாமல்தான் கிராங்கைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ போனது எனக்குக் கோபம். ஆனால் போன பிறகுதான் எனக்கும் இந்த ஊரைவிட்டுப் போக ஆசை இருந்தது தெரிந்தது. இத்தனை நாள் அது எங்கே ஒளிந்திருந்தது? உன் மேல் கோபப்படுவதா, உனக்கு நன்றி சொல்வதா என்று புரியாமல் ஒரு கோடை முழுவதும் போய்விட்டது.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை காரில் கிளம்புகிறேன். கோசானி போகும் வழியில், உன் மலைக்குப் படகு கிளம்பும் ஊரானூபோலி துறைக்கு வருகிறேன். அது வழியில் இல்லை, எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். பெண் கால் வைக்க முடியாத உன் மலைக்கு இதைவிடக் கிட்டே நான் வர முடியாது. படகில் வர உனக்கு அனுமதி கிடைத்தால் வா. இல்லாவிட்டால் கரையில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போகிறேன்.

அக்கா

*

மலை
செப்டம்பர் 10

அக்கா,

வருகிறேன். காலைப் படகில்.

திருவிழா போய்விட்டது. நான் உடை வாங்கவில்லை. பதில் சொல்லாமலே இருந்ததால் பெயரை விட்டுவிட்டார்கள்.

புது எஞ்சின், மேட்டில் விரட்டாதே. அவ்வப்போது நிறுத்தித் தண்ணீர் பார்.

அனெஸ்டிஸ்

*

கோசானி
அக்டோபர் 8, 1989

தம்பி,

வந்து சேர்ந்தேன். கார் வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இங்கே இப்போதே குளிர். என் முதல் மாணவி மருந்துக்கடைக்காரர் மனைவி. கிளச்சை மிதிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். "கண்ணைத் திறங்கம்மா, ரோடு வெளியில இருக்கு" என்று கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. வேலை பிடித்திருக்கிறது.

துறையில் நடந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நீ படகிலிருந்து இறங்கும்போது உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி. கன்னத்தில் எலும்பு. ஏதோ சாமியார் வருகிறார் என்று வழிவிட்டு ஒதுங்கினேன். நீ என் எதிரில் நின்று, "அக்கா, நான்தான்" என்றாய். ஒதுங்கியதற்கு வெட்கமாகப் போய்விட்டது, அதனால் திட்ட ஆரம்பித்துவிட்டேன். இளைத்ததற்குத் திட்டினேன், தாடிக்குத் திட்டினேன். நீ சிரித்துக்கொண்டு நின்றாய்.

உன் தோளில் ஒரு பை இருந்தது. "பையில என்னடா?" என்றேன்.

"வால்நட்டுக்கா. இங்க ஒரு கடைக்குக் கொடுக்கணும்."

பையின் வாயில் நீல ஸ்வெட்டரின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் பின்னிய ஸ்வெட்டர். நீ பிப்ரவரியில் போட்டுக்கொண்டு போனது. வால்நட்டுக்கு ஸ்வெட்டர் போடுவார்களா?

அப்புறம் பானெட்டைத் திறக்கச் சொன்னாய். ஸ்டார்ட் பண்ணினேன். வால்வ் கவர் மேல் கை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாய். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நல்லா இருக்கு, நல்லா இல்லை, ஒரு வார்த்தை? கோடை முழுக்க என் நகம் போனது அதற்காக. நீ பானெட்டை மூடிவிட்டு, "காபி குடிக்கலாமா?" என்றாய்.

நீ காபி வாங்கப் போனபோது நான் ஒரு காரியம் செய்தேன். முன் சீட்டில் தையல் மெஷின் இருந்தது, அதன் மேல் பாத்திர மூட்டை. இரண்டையும் பின்னால் திணித்தேன். பின்சீட்டில் இடமே இல்லை, மெத்தையை மிதித்து அமுக்கி எப்படியோ திணித்துவிட்டேன். முன் சீட் காலி. நீ வந்தாய். காபி குடித்தோம். வாயோஸைப் பற்றிப் பேசினோம். மீன்கடை அபோஸ்டோலிஸைப் பற்றிப் பேசினோம். படகு ஊதியது. நீ பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

எந்தக் கடைக்கும் எதையும் கொடுக்கவில்லை.

நான் ஏன் "ஏறுடா" என்று சொல்லவில்லை? கோசானி வரை இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். சொல்லியிருந்தால் நீ எனக்காக வருவாய், அது வேண்டாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. இப்போது தோன்றுகிறது, எனக்குப் பயம், நீ மாட்டேன் என்று சொல்லிவிடுவாயோ என்று. இரண்டில் எது நிஜம் என்று தெரியவில்லை. நீ மலையைவிட்டுக் கிளம்பித்தானே வந்தாய்? அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா? ஸ்வெட்டர் குளிருக்காகவும் இருக்கலாம். எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

அக்கா

*

மலை
அக்டோபர் 25

அக்கா,

பையில் வால்நட் இல்லை. என் துணி எல்லாமே அதில்தான் இருந்தது.

காலையில் கிளம்பும்போது வருவதாகத்தான் கிளம்பினேன். தந்தை இலாரியோனிடம் சொல்லிக்கொண்டு, அண்டாக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். படகில் வரும்போது கரையில் கார் தெரிந்தது. ஜன்னல் வரை மூட்டைகள். அப்போது நினைத்தேன், இதில் எனக்கு இடமில்லை, நல்லது, இனி யோசிக்க வேண்டியதில்லை என்று. மனசு லேசாகிவிட்டது. அதனால்தான் வால்நட் என்றேன்.

அப்புறம் இரண்டு காபியோடு திரும்பி வருகிறேன், முன் சீட் காலியாக இருக்கிறது.

பார்த்தேன் அக்கா. தையல் மெஷினின் கைப்பிடி பின் ஜன்னலில் முட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். உன் நெற்றியில் வியர்வை. நீ ஒன்றும் தெரியாதவள்போல வாயோஸைப் பற்றிப் பேசினாய். நான் ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். காபி ஆறும்வரை அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறினால் உட்காரலாம். நீ ஒரு கேள்வி கேட்க மாட்டாய், வழியெல்லாம் திட்டுவாய், கோசானியில் ஏதாவது கராஜில் வேலை கிடைத்துவிடும். அது எல்லாமே நன்றாகத்தான் தெரிந்தது. படகு ஊதியதும் நான் எழுந்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை, போக வேறு இடமும் இருந்தது, ஆனாலும் போனேன்.

நீ சீட்டைக் காலி செய்யாமல் இருந்திருந்தால் இது எனக்கு என்றைக்குமே தெரிந்திருக்காது. இடமில்லாததால்தான் இங்கே இருக்கிறேன் என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

துறவு உடைக்கு இன்னும் ஒரு வருடம் கேட்டேன். கொடுத்தார்கள். இது சரியா தப்பா என்று கேட்டால் இன்னும் குழப்பம்தான். ஆனால் காலையில் எழும்போது அந்தக் கராஜ் கதவு இப்போது நினைவுக்கு வருவதில்லை. நீ கண்ணை மூடிக்கொள்ளும் மருந்துக்கடை அம்மாளோடு ரோட்டில் போவதுதான் நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் பயமாக இருக்கிறது.

எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கோபப்பட்டிருக்கிறாய். அப்போது வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன், துறையில் அத்தனை பேர். இப்போது சொல்கிறேன். படகின் பின்பக்கம் நின்று கேட்டுக்கொண்டே போனேன். நீ மேட்டில் ஏறியது கேட்டது. இரண்டாவது கியருக்கு மாற்றியது கேட்டது. வளைவுக்கு அந்தப்பக்கம் கார் மறைந்த பிறகும், தண்ணீர் மேல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கிராங்கில் ஒரு குறையும் இல்லை. நான் பூட்டியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்காது.

மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வு மட்டும் கொஞ்சம் தட்டுகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கவரைத் திறந்து இடைவெளியைச் சரிசெய். சரியாக வராவிட்டால் எழுது. வந்தாலும் எழுது.

அனெஸ்டிஸ்